வேலை மந்தமான காலத்தில் டெல்டாவில் வேலை தேடுவது எப்படி? புதிதாகத் தேடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது. 'வேண்டாம்' என்று சொல்வதற்குக்கூட அந்தப் பக்கம் ஆள் இருக்கமாட்டார்கள். வேலை தேடத் தொடங்குபவர்கள் முதலில் இதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். தொழில் மந்தமாக இருக்கும்போது ஒரு காலியிடத்துக்கு விண்ணப்பங்கள் குவியும். விளம்பரம் கொடுத்த பிறகு அந்த இடத்தையே நிறுத்தி வைக்கும் நிறுவனங்களும் உண்டு. நேர்காணல் முடித்து, 'கூப்பிடுகிறோம்' என்று அனுப்பி, மாதக்கணக்கில் கூப்பிடாமல் இருப்பதும் நடக்கிறது. இதையெல்லாம் உங்கள் தகுதிக்குப் போட்ட மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே உங்கள் விண்ணப்பத்தை யாரும் படித்தே இருக்கமாட்டார்கள் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

காவிரி டெல்டாவில் இதற்கு மேல் இன்னொரு சங்கடம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் தொழிற்சாலைகள் குறைவு. இங்கே பணப்புழக்கம் நெல்லைச் சார்ந்தது. மேட்டூர் அணை வழக்கமான நாளான ஜூன் 12இல் திறந்தால் குறுவை என்ற முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் கிடைக்கும். 2024இல் ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். தண்ணீர் தாமதமானால் விவசாயி கையில் காசு இராது. மன்னார்குடி ஜவுளிக்கடையில் கூட்டம் இராது. அந்தக் கடையில் கணக்கெழுதப் புது ஆள் எடுக்கமாட்டார்கள். பட்டதாரியின் வேலைக்கும் வாய்க்கால் தண்ணீருக்கும் இப்படி நேரடித் தொடர்பு இருக்கிறது. அதனால்தான் பெருநகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆலோசனைகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. எந்த மாதத்தில் எந்த வேலைக்கு ஆள் எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே போய் நிற்பதுதான் இங்கே பலன் தரும். கீழே உள்ளவற்றை அந்த நோக்கில் படியுங்கள்.

முதல் வேலை: காகிதங்களைச் சரிசெய்வது

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். ஒரு சான்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று மனு கை மாறிக் கை மாறிப் போகும் என்பதால், 'நாளை கடைசித் தேதி' என்ற நிலையில் ஓடினால் கிடைக்காது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கேட்டு வாங்குங்கள். மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. பலர் இதைத் தேர்வு எழுதிய பிறகுதான் தேடுகிறார்கள்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து பெயருக்குப் பின்னால் இருக்கும். ஆதாரில் அப்பாவின் பெயர் முழுதாக இருக்கும். பான் அட்டையில் முதலெழுத்தே இருக்காது. வங்கிக் கணக்கில் ஆங்கில எழுத்து ஒன்று கூடியிருக்கும். வீட்டில் இருக்கும்வரை இது ஒரு பொருட்டல்ல. வேலையில் சேர்ந்ததும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஆதாரோடு இணையாமல் நிற்கும். ஒரு வருடம் கழித்து வேலை மாறும்போது சொந்தப் பணத்தை எடுக்க அலைய வேண்டிவரும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதே உங்கள் பெயர் என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்பத் திருத்துங்கள்.

அரசுப் பதிவுகள்

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவால் நேரடியாக வேலை கிடைப்பது இப்போது அரிது. ஆனாலும் பதிவை விட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பட்டம் பெற்றதும் அதையும் சேர்க்க வேண்டும். பதிவு செய்து ஐந்து ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு அரசின் உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 என்று மூன்று ஆண்டுகளுக்குக் கொடுக்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இது கிடையாது. தொகை சிறியதுதான். தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ் செலவுக்கும் வீட்டில் கை நீட்டாமல் இருக்கலாம். அதுவே சிலருக்குப் பெரிய ஆறுதல்.

இந்த அலுவலகத்தின் இன்றைய முழுப் பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். அங்கே உண்மையான பயன் இரண்டு. ஒன்று, போட்டித் தேர்வுகளுக்கான தன்னார்வப் பயிலும் வட்டம். வகுப்புகள் இலவசம். மற்றொன்று, தனியார் நிறுவனங்களை அழைத்து நடத்தும் வேலைவாய்ப்பு முகாம். சிறிய முகாம்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்திலும் பதிந்துகொள்ளுங்கள். எதற்கும் கட்டணம் இல்லை.

முகாமுக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'எனக்குச் சம்பளம் போடப்போவது உங்கள் நிறுவனமா, ஒப்பந்ததாரரா?' பலகையில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆள் அனுப்பும் முகவராக இருப்பார். அடுத்து, கையில் வருவது எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 16,000, அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய் போகும். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 120 ரூபாய். மீதி 14,440. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 3,500 பிடித்தால் கைக்கு வருவது 10,940 ரூபாய். அதில் மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக வேண்டும். கணக்குப் பார்த்த பிறகும் போகலாம் என்று தோன்றினால் தாராளமாகப் போங்கள். முதல் வேலையில் அனுபவமும் ஒரு வருமானம்தான். ஆனால் பலகையில் எழுதிய தொகையை நம்பி ரயில் ஏறி, முதல் சம்பள நாளில் அதிர்ச்சி அடைய வேண்டாம்.

மாதம் அறிந்து தேடுவது

இங்கே ஆள் எடுப்பு பருவத்தோடு நகர்கிறது. தனியார் பள்ளிகள் அடுத்த கல்வியாண்டுக்கான ஆசிரியர்களை ஏப்ரல், மே மாதங்களில் தேடுகின்றன. பி.எட். முடித்தவர்கள் ஜூன் மாதத்தில் போய்க் கேட்டால் மீதமுள்ளதுதான் கிடைக்கும். ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி வரை கூடுதல் ஆள் எடுக்கும். கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர் கடைவீதிகளில் ஜூன் மாத இறுதியிலேயே நேரில் போய்க் கேட்பது நல்லது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை; அதை ஒட்டி விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் ஆள் தேவைப்படும். கும்பகோணத்தைச் சுற்றிய நவக்கிரகக் கோயில்களுக்கு ஆண்டு முழுக்க யாத்ரீகர்கள் வருவதால் அங்குள்ள தங்கும் விடுதிகளில் வரவேற்புப் பணிக்கு ஓரளவு நிலையான தேவை உண்டு. தமிழோடு இன்னும் இரண்டு மொழி பேசத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு.

அறுவடைதான் நம் ஊரின் பெரிய பருவம். குறுவை செப்டம்பர், அக்டோபரிலும், சம்பாவும் தாளடியும் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் அறுவடைக்கு வரும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களுக்காகப் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர் பணிகளுக்கு டெல்டா மாவட்டங்களில் ஆள் எடுப்பது வழக்கம். பட்டியல் எழுத்தருக்குப் பட்டப்படிப்பும், உதவுபவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், காவலருக்கு எட்டாம் வகுப்பும் கேட்பார்கள். அறிவிப்பு நாளிதழிலும் மாவட்ட இணையதளத்திலும் வரும்; விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசம் குறைவு. நிரந்தர வேலை அல்ல, பருவம் முடிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்பதை அறிந்தே சேருங்கள். அரிசி ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் அறுவடை இயந்திரம் வாடகைக்கு விடுபவர்களுக்கும் அதே மாதங்களில் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும். இந்த வேலைகளுக்கு விளம்பரமே வராது. நேரில் போய்க் கேட்டால்தான் உண்டு.

ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்கள் திருச்சிப் பக்கம் பார்க்க வேண்டும். பெல் நிறுவனத்திலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் தொழிற்பழகுநர் பயிற்சி உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டமும் பழகுநர்களை எடுக்கிறது. பயிற்சி முடித்தால் அங்கேயே வேலை என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் 'அனுபவம் உண்டா' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு சான்றிதழ் கையில் இருக்கும். கணினிப் படிப்பு முடித்தவர்கள் திருச்சி நவல்பட்டில் உள்ள தகவல் தொழில்நுட்பப் பூங்காவையும், 2024இல் தஞ்சாவூரில் திறந்த மினி டைடல் பூங்காவையும் முதலில் விசாரியுங்கள். பிறகு சென்னைக்குப் போகலாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் பலரின் தன்விவரத்தைப் படித்துத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வரிகள்: 'கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகச் செயல்படுபவர், பொழுதுபோக்கு கிரிக்கெட்.' இணையத்தில் கிடைத்த படிவத்தை அப்படியே நிரப்பியிருப்பார்கள். ஒரு வணிகவியல் பட்டதாரியிடம், கல்லூரி விடுமுறையில் என்ன செய்தாய் தம்பி என்று கேட்டேன். 'ஒன்றும் செய்யவில்லை சார், மாமாவின் நெல் மண்டியில் இருந்தேன்' என்றார். அங்கே என்ன செய்தாய் என்று விடாமல் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. மூட்டையின் எடையைப் பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார், ஈரப்பதம் பார்க்கும் கருவியைக் கையாண்டிருக்கிறார், லாரி வாடகைக்கு ரசீது போட்டிருக்கிறார், மாலையில் மாமாவுக்குக் கணக்கு ஒப்படைத்திருக்கிறார். ஒரு கணக்கர் செய்யும் வேலை முழுவதையும் செய்துவிட்டு அதை 'ஒன்றுமில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் விண்ணப்பத்தின் முதல் பத்தி இப்படி மாறியது: 'இரண்டு சம்பா பருவங்களில் நெல் கொள்முதல் கணக்கைத் தனியாகப் பார்த்திருக்கிறேன்: எடைப் பதிவு, ஈரப்பதப் பரிசோதனை, லாரி ரசீது, அன்றாட இருப்புக் கணக்கு. டேலி மென்பொருள் தெரியும்.' இதைப் படிக்கிற ஆலை மேலாளருக்கு ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். பந்தல் கடையில் கணக்கு, சமையல் ஒப்பந்தக்காரரோடு கல்யாண வேலை, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன், அம்மாவின் சுயஉதவிக் குழுவுக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுத்தது. எதைச் செய்தீர்கள், எவ்வளவு காலம், யாருக்குப் பதில் சொன்னீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. ஒவ்வொரு வேலைக்கும் முதல் பத்தியை மாற்றி எழுதுங்கள்.

அனுப்பிய நிறுவனம், தேதி, பேசியவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை தொலைபேசியில் கேட்கலாம்: 'வணக்கம் சார், இந்தப் பணிக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்திருந்தேன். தேர்வு முடிந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளலாமா?' அவ்வளவு போதும். பதில் இல்லை என்றால் அந்த வரியின் குறுக்கே கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கோடு போடாமல் மனதில் வைத்துக் காத்திருப்பதுதான் ஆளை அரித்துவிடுகிறது.

போட்டித் தேர்வு

டெல்டா நூலகங்களில் காலை முதல் மாலை வரை குரூப் 4 புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர்களுக்காகவே இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: வேறு எதுவும் செய்யாமல் வருடக்கணக்கில் தேர்வுக்கு மட்டும் படிக்காதீர்கள். ஒரு வருமானமோ பயிற்சியோ கூடவே இருக்கட்டும். பகுதிநேரமாக உழைத்தபடி தினம் நான்கு மணி நேரம் ஒழுங்காகப் படிப்பவர் யாருக்கும் பின்தங்கிவிடுவதில்லை. தேர்வு கைகூடாவிட்டாலும் அவரிடம் சொல்ல ஓர் அனுபவம் இருக்கும்.

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அதில் 100 கேள்விகள் தமிழ்ப் பகுதி. அந்த 150 மதிப்பெண்ணில் 40 சதவீதம், அதாவது 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். ஆங்கில வழியில் படித்தவர்கள் தமிழிலிருந்து தொடங்குங்கள். பள்ளிப் பாடநூல்களே அடிப்படை. கையில் பணம் இல்லாமல் கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் கட்ட வேண்டிய தேவை இல்லை.

பணம் கேட்பவர்கள்

வேலை தருகிறவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார். பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், மடிக்கணினி முன்பணம், திருப்பித் தரும் வைப்புத் தொகை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். வேலை கிடைக்காத ஏக்கம் அதிகமாகும்போதுதான் இவர்கள் வருகிறார்கள். மின்வாரியத்தில் ஆள் இருக்கிறார், போக்குவரத்துக் கழகத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லும் இடைத்தரகரிடம் அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்தும், இருந்த ஒரு மா நிலத்தை விற்றும் கொடுத்த குடும்பங்கள் டெல்டாவில் இருக்கின்றன. எழுத்துத் தேர்வு வழியாக நிரப்பும் பணியை எந்தத் தரகராலும் வாங்கித் தர முடியாது. கொடுத்த பணத்துக்கு ரசீதும் இராது.

கைபேசியில் வரும் பகுதிநேர வேலைகளும் அப்படியே. காணொளிக்கு விருப்பக் குறி போட்டால் பணம் என்பார்கள். முதலில் ஐந்நூறு உண்மையிலேயே வரும். பிறகு பெரிய தொகையை முதலீடு செய்யச் சொல்வார்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தாமதமில்லாமல் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பிருக்கிறது.

வெளிநாடு போவது கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கங்களில் தலைமுறை வழக்கம். தவறொன்றும் இல்லை, ஆனால் ஆட்சேர்ப்பு முகவர் மத்திய அரசின் உரிமம் பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் முதலில் பாருங்கள். சட்டப்படி முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தின் அறிவிப்புகளையும் கவனியுங்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், சொந்த மாமாவே சொன்னாலும், கிளம்பாதீர்கள். சிங்கப்பூருக்கு என்றால், வேலை அனுமதிக்கு முன் அந்நாட்டு அரசு கொடுக்கும் கொள்கை ஒப்புதல் கடிதத்தில் (ஐ.பி.ஏ.) அடிப்படைச் சம்பளம் எழுதியிருக்கும். முகவர் வாயால் சொன்ன தொகையோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். கம்போடியா, மியன்மர், லாவோஸ் ஆகிய நாடுகளில் 'தரவு உள்ளீடு' வேலை என்று அழைத்துப் போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கொடுமைக்கு நம் இளைஞர்களும் ஆளாகியிருக்கிறார்கள்.

வெளியூரும் வீடும்

உள்ளூரில் நல்ல முயற்சி செய்து ஆறேழு மாதம் ஆகியும் அசையவில்லை என்றால் வெளியூர் போவதே சரி. கோவைக்கு மன்னார்குடியிலிருந்து செம்மொழி எக்ஸ்பிரஸும் மயிலாடுதுறையிலிருந்து ஜன் சதாப்தியும் இருக்கின்றன. சென்னைக்கு உழவன், மன்னை, சோழன். இரண்டு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் கிளம்ப வேண்டாம். பெண்பிள்ளையைத் தனியாக அனுப்பத் தயங்கும் வீடுகளில் அரசின் தோழி விடுதிகளைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான இந்த விடுதிகள் சென்னை, திருச்சி, தஞ்சாவூர் உட்படப் பல ஊர்களில் இருக்கின்றன.

வீட்டில் இருக்கும் காலம்தான் கடினமானது. கல்யாணத்துக்குப் போனால் 'இன்னும் ஒன்றும் அமையவில்லையா?' என்று நாலு பேர் கேட்பார்கள். 'தேடிக்கொண்டிருக்கிறேன் பெரியப்பா, உங்களுக்குத் தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கேட்டவர்களில் ஒருவராவது உண்மையிலேயே ஓர் இடம் சொல்வார். அப்பாவோடு வயலில் இறங்குவதால் படிப்புக்கு இழுக்கு வந்துவிடாது. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தேடுகிற பிள்ளையிடம் தினமும் 'என்ன ஆயிற்று' என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துப் பேசுங்கள். தூக்கம் கெட்டு, யாரையும் பார்க்கப் பிடிக்காமல், வாழ்ந்தென்ன என்ற எண்ணம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழையுங்கள். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

வேலை கிடைத்ததும்

பணி நியமனக் கடிதம் வாங்காமல் சேராதீர்கள். பதவி, சம்பளப் பிரிவு, வேலை நேரம், விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவை அதில் இருக்க வேண்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் வருங்கால வைப்பு நிதி கட்டாயம்; அந்தக் கணக்குக்கான உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, மாதாமாதம் பணம் ஏறுகிறதா என்று கைபேசியிலேயே பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு; அதில் அப்பா அம்மாவின் பெயரையும் சேர்க்க முடியுமா என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்றால் உங்கள் எதிரிலேயே பார்த்துவிட்டு, கையொப்பமிட்ட நகலை வைத்துக்கொள்ளட்டும். 'எல்லோரும் கொடுத்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஏன் தயங்குகிறீர்கள்' என்று கேட்டால், வங்கிக் கடனுக்கும் மேற்படிப்புக்கும் அசல் தேவைப்படுகிறது என்று பணிவாகச் சொல்லுங்கள். அதற்கும் ஒப்பாத இடத்தில் சேர வேண்டாம். சேர்ந்த பிறகு விலக நினைத்தால் அந்தக் காகிதங்களைத் திரும்ப வாங்குவதற்கே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.